ஒரு நாள் லீவில் இரண்டு மதம்

என் அண்ணன் இந்து. நான் கிறிஸ்தவள். இருவருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒரே மாதா கோயிலில், ஒரே சாமியார் கையால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். அப்புறம் எப்படி ஒரு வயிற்றில் இரண்டு மதம் என்று கேட்பீர்கள். அப்பாவுக்கு அன்றைக்கு ஒரு நாள்தான் லீவு. அதனால் வந்த வினை அது.

இதில் யார் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. பெயரால் பட்டது போதும்.

மரக்காணத்தில் உப்பு நன்றாக விளைவது வெயில் காலத்தில். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் உப்பளத்தில் வேலை மும்முரமாக இருக்கும். ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரி நம் பாத்தியில் வேறு ஆளை இறக்கிவிடுவார். மறுநாள் போய் அவர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அதனால் எங்கள் காலனியில் யாரும் ஒரே ஒரு காரியத்துக்காக வேலையை விட மாட்டார்கள். ஆஸ்பத்திரி, ரேஷன் கார்டு, பெண் பார்ப்பது என்று நாலைந்தைச் சேர்த்து வைத்து, ஒரே நாளில் ஓடி ஓடி முடிப்பார்கள். அப்பாவும் அண்ணனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்றைக்கே, அவனைவிட ஒன்றரை வயது சின்னவளான என்னையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

எங்கள் காலனியில் பையன்களுக்கு இரண்டு பெயர் உண்டு. கோயிலில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் சாதியில் பிறந்தவன் இந்துவாக இருந்தால் ஹரிஜன ஸ்காலர்ஷிப் உண்டு, ஹாஸ்டல் உண்டு, உத்தியோகத்தில் ஒதுக்கிய இடம் உண்டு. வேதக்காரனாக, அதாவது கிறிஸ்தவனாக, ஆகிவிட்டால் எதுவும் கிடையாது. பிற்பட்டோர் வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை அல்லவா, அதனாலாம். அடேயப்பா! அந்தச் சட்டத்தை எழுதிய மகராசன்கள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்குப் பூசை காண வந்திருக்கலாம். வலது பக்கம் ஊர்க்காரர்கள், இடது பக்கம் நாங்கள். கல்லறைத் தோட்டத்தில்கூட நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர்.

அன்றைக்கு ஹெட்மாஸ்டர் அண்ணனைப் பார்த்துப் பெயர் கேட்டார். அப்பா முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த ஒரு சாமி பெயரைச் சொன்னார். மதம் என்றதும் "இந்துன்னு போட்டுக்கோங்க சார்" என்றார். ஹெட்மாஸ்டரும் புதிதாகக் கேட்பவர் மாதிரி காட்டிக்கொள்ளாமல் எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பா மடியிலிருந்து என் ஞானஸ்நானச் சீட்டை எடுத்து வயதுக்காக நீட்டினார். ஹெட்மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் மாத்தி எழுதணுமா?" என்று கேட்டார்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சார்? அண்ணனுக்குத் தொணைக்கு வருது. நாலு வருசம் உக்காரட்டும். இருக்கறதே இருக்கட்டும்."

இருக்கிறதே இருந்தது. அதே பேனா, அதே பக்கம், அடுத்தடுத்த வரி. அப்பா நேராக ரேஷன் கார்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்கள். அண்ணன் என்னை வம்புக்கு இழுக்க வேண்டுமென்றால், "ஏய் வேதக்காரி, எங்க சாமி வூட்ல உனக்கு இன்னாடி வேல?" என்பான். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். "ஒருத்தியாவது மாதா புள்ளையா எழுதியிருக்குதே" என்று சிலுவை போட்டுக்கொள்வாள். அவளுக்கு அதில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு நான் கொடுத்த விலை அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஹைஸ்கூலில் வருடத்துக்கு ஒரு முறை வகுப்பில் கிளார்க் வந்து நிற்பார். "ஹரிஜன ஸ்காலர்ஷிப்காரங்க எந்திரிங்க" என்பார். அண்ணனும் நானும் ஒரே வகுப்பு. அவன் எழுந்து நிற்பான். காதெல்லாம் சிவந்து, டெஸ்க்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நிற்பான். நான் உட்கார்ந்திருப்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. நான் அந்தக் கூட்டம் இல்லை என்பதுபோல் முதுகை நேராக வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்ப்பெண் என்னோடு பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைத்தேன். அண்ணன் நின்றதை நினைத்தால் இன்றைக்கு எனக்கு வலிக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்ததை நினைத்தால்தான் கூசுகிறது.

அப்போது பதினொன்றாம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு ஒரு பேச்சுப் போட்டி வைத்தார்கள். 'படிப்பில் சலுகை வேண்டுமா, வேண்டாமா' என்பது தலைப்பு. சமூகப் பாடம் எடுத்த சார்தான் பொறுப்பு. நான் நன்றாகப் பேசுவேன் என்று பள்ளிக்கூடத்துக்கே தெரியும். என்னைக் கூப்பிட்டு, "நீ வேண்டாம்ங்கற பக்கம் பேசு" என்றார். "நீ பேசினாத்தான் எடுபடும்மா" என்றும் சொன்னார். பேச்சையும் அவரே எழுதிக் கொடுத்தார். காலனிப் பெண்ணே வந்து சலுகை வேண்டாம் என்றால் எப்படி எடுபடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. என் குரலைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து வானத்தில் பறந்தேன்.

என்ன பேச்சு பேசினேன் தெரியுமா! "சலுகை என்பது ஊன்றுகோல். கால் நன்றாக இருப்பவனுக்கு எதற்கு ஊன்றுகோல்?" என்று மேஜையைத் தட்டினேன். ஊர்ப் பையன்கள் விசில் அடித்தார்கள். மூன்றாவது வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவனும் கை தட்டினான். எனக்குத்தான் முதல் பரிசு, ஓர் எவர்சில்வர் டம்ளர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன் சொன்னான்: "சும்மா சொல்லக் கூடாதுடி, நல்லாத்தான் பேசின. எனக்குக் கால் இருக்குதா இல்லியான்னு வூட்டுக்குப் போயித்தான் பாக்கணும்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனும் சிரித்தான்.

அம்மா அந்த டம்ளரைக் கடைத்தெருவில் இருந்த பாத்திரக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், என் பெயரை வெட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் இருந்தது எல்லாம் மண்ணும் அலுமினியமும்தான். முதல் எவர்சில்வர் அதுதான்.

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்தது. இருவருமே பாஸ். அண்ணனைவிட எனக்கு மார்க் அதிகம், கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே அதிகம். காலனியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். இருவரும் டீச்சர் ட்ரெய்னிங்குக்கு மனு போட்டோம். அவனுக்கு ஆண்கள் படிக்கும் இடத்துக்கு, எனக்குப் பெண்கள் படிக்கும் இடத்துக்கு. இன்டர்வியூ கார்டும் இரண்டு பேருக்கும் வந்தது. சாதிச் சான்றிதழோடு வர வேண்டும் என்று அதில் இருந்தது.

அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாவிட்டால் எனக்கு இருந்தது அளம் ஒன்றுதான். விடுமுறையில் அம்மாவுக்கு உதவியாகப் போயிருக்கிறேன். வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் குத்தும். உப்புக் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டால் தண்ணீர் கழுத்தில் வழிந்து ரவிக்கைக்குள் இறங்கி எரியும். அம்மாவின் பாதத்தில் வெடிப்பு இல்லாத இடம் கிடையாது. ராத்திரி பகல் என்று இல்லாமல் அந்த வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பாள். நான் அளத்தில் கால் வைக்க மாட்டேன் என்று பத்து வயதிலேயே முடிவு செய்திருந்தேன். புடவை கட்டிக்கொண்டு, கையில் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகும் டீச்சராக என்னை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்.

மறுபடியும் ஜூன். மறுபடியும் அப்பாவுக்கு ஒரு நாள் லீவு. இருவருக்குமான மனுக்களையும் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். அண்ணன் மனுவோடு ஒரு நாள், என் மனுவோடு ஒரு நாள், வேறு வேறு கிளார்க்கிடம் என்று போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என் மனுவிலும் இந்து என்றே எழுதி, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று அப்பா நம்பினார். அதற்கு ஆதாரமாக அண்ணனின் பள்ளிக்கூட டி.சி.யையும் என் டி.சி.யோடு சேர்த்து மேஜையில் வைத்தார். "ரெண்டும் என் புள்ளைங்கதாங்க. பெரியவனுக்குப் பாத்து இவளுக்கும் போட்டுக் குடுங்க" என்றார். பெருமையாக வேறு சொன்னார்.

கிளார்க் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஏம்பா, உனக்குப் பொண்டாட்டி ரெண்டா?" என்றார்.

"இல்லீங்க ஐயா, ஒண்ணுதாங்க."

"அப்ப மதம் எப்பிடிப்பா ரெண்டாச்சு?"

ஆபீசே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார், பாவி மனுஷன். சிரிக்கும் விஷயம் என்றுதானே வீட்டில் சொல்லிச் சொல்லி வைத்திருந்தோம். உள்ளே இருந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. காகிதங்களை வாங்கிப் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணு பொய். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து விசாரிப்பாரு. குடும்பமே கிறிஸ்தவம்னு தெரிஞ்சா பையனுக்கும் கெடையாது. இத்தினி வருசம் வாங்கின ஸ்காலர்ஷிப்புக்கும் பதில் சொல்லணும்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிரம்மதேசம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அன்னிக்கு எனக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாப்பா? ஹெட்மாஸ்டரே கேட்டாராமே?"

"நீ இம்மாம் படிப்பேன்னு யாருக்கும்மா தெரியும்?"

அவ்வளவுதான் பதில். என்னை வெறுத்துச் சொல்லவில்லை. மகள் என்றால் உயிரை விடுவார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று படிக்கும், தேறும், உத்தியோகம் கேட்கும் என்பது அந்த மனுஷனின் தலைக்குள் வரவே இல்லை. அவரைத் திட்டவும் முடியாமல், விடவும் முடியாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கர்ணம் ஒரு வழி சொன்னார். இந்தப் பெண் எங்கள் கோயில் பதிவில் இல்லை என்று சாமியார் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால், பள்ளிக்கூடத்தில் தவறாக எழுதிவிட்டார்கள் என்று சொல்லிச் சமாளிக்கலாம். இருவருக்குமே சான்றிதழ் கிடைத்துவிடும். அப்பாவும் நானும் சாமியார் குடியிருந்த கோயில் பங்களாவுக்குப் போய் அவர் முன்னால் நின்றோம்.

சாமியார் நல்லவர். புயல் அடித்த வருடம் எங்கள் வீடுகளுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "என் கையால ஞானஸ்நானம் குடுத்த புள்ளையத் தெரியாதுன்னு நான் எப்பிடி எழுதுவேன்?" என்றார்.

"பெரியவன் பேர மாத்தினப்ப நீங்க ஒண்ணும் சொல்லலியே சாமி" என்றார் அப்பா.

"அப்ப யாரும் என்னைக் கேக்கல. இப்பக் கேட்டா மறைக்க மாட்டேன். அவனும் என் பதிவுல இருக்கான். சர்க்கார் செய்யறது அநியாயம்தான். அதுக்காக நான் பொய் எழுத முடியாது."

"இடது பக்கத்துல உக்கார வெக்கிறப்ப மட்டும் எங்க சாதி உங்களுக்குத் தெரியுதே சாமி?" என்ற கேள்வி என் தொண்டை வரைக்கும் வந்தது. அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். மேடையில் அத்தனை வாய் பேசியவள், கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் வந்துவிட்டேன்.

அதோடு விஷயம் தெளிவாகிவிட்டது. விசாரணை கோயில் வரைக்கும் போனால் இரண்டு பேருக்கும் போச்சு. போகாமல் தடுத்தால் ஒருத்தனுக்காவது கிடைக்கும். தடுக்க ஒரே வழி, குடும்பம் இந்து, இந்தப் பெண் மட்டும் தனியாக வேதத்தில் சேர்ந்தவள் என்று நானே சொல்வது. அப்படிச் சொன்னால் என் கதை முடிந்தது.

இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல் என்று யாரும் கேட்கவும் இல்லை. அன்றைக்குச் சாயந்தரம் சாப்பிட உட்கார்ந்தோம். எப்போதும் அண்ணன் தட்டில் விழும் பெரிய மீன் துண்டை அம்மா என் தட்டில் போட்டாள். அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். எறியவில்லை, முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சித் தின்றேன். அழுகை வந்தால் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று குழம்பை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டேன்.

அண்ணன்தான் பின்னால் வந்து, தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றான். "நான் வோணாம்னு எழுதிக் குடுத்துடறேன். நீ போ" என்றான்.

"நீ வோணாம்னா எனக்குக் குடுத்துடுவானா? லூசு மாதிரி பேசாத."

அவன் அழுதான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்று எழுதினால் நான் புளுகுகிறேன் என்று அர்த்தம். வந்தது. அவனாக ஒன்றும் செய்யவில்லை, ஆணாகப் பிறந்தது தவிர. ஆனாலும் வந்தது.

இன்ஸ்பெக்டர் நாலு நாள் கழித்து, மத்தியானம் தலையாரியோடு வந்தார். காலனிக்குள் வரவில்லை. நுழையும் இடத்தில் பூவரச மரத்தடியில் பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அம்மா காலையிலேயே மாதா படத்தைப் பழைய புடவையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். மேஸ்திரி வீட்டிலிருந்து வாங்கிவந்த முருகன் காலண்டர் சுவரில் தொங்கியது. அவர் உள்ளே வராததால் அதை யாரும் பார்க்கவில்லை.

அண்ணனை இரண்டு கேள்வி கேட்டார். அவன் திக்கினான். அவர் பேனாவை மூடிவிட்டு, "எதுக்கு வம்பு? சர்ச்சுல பதிவு வெச்சிருப்பாங்க. ஒரு எட்டு போயி பாத்துட்டா தெரிஞ்சிடும்" என்று எழுந்தார்.

நான் முன்னால் போய் நின்றேன். "ஐயா, அங்க என் பேரு மட்டுந்தாங்க இருக்கும்" என்றேன்.

"எப்பிடி?"

"எனக்கு மூணு வயசுல அம்மை போட்டுச்சுங்க. பொழைக்க மாட்டேன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. எங்கம்மா மாதாவுக்கு நேந்துக்கினாங்க. பொழைச்சா இந்தப் பொண்ண உனக்கே குடுத்துடறேன்னு. பொழைச்சிட்டேன். அதனால என்னை மட்டும் வேதத்துல சேத்துட்டாங்க. மத்தபடி எங்க வூட்ல எல்லாரும் இந்துதாங்க."

எனக்கு அம்மையும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. அந்த நிமிடத்தில் வாயில் வந்தது. இன்ஸ்பெக்டர் மறுபடியும் உட்கார்ந்தார். அவர் முகம் இளகிவிட்டது. "எங்க வூட்லயும் கொழந்தைக்கு வேளாங்கண்ணியில முடி எறக்கியிருக்கோம்" என்றார். நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். பிறகு அவர் எழுத ஆரம்பித்தார்.

"அப்ப நீ கிறிஸ்தவம்தான். அதுல ஒண்ணும் மாத்தம் இல்லியே?"

"இல்லீங்க ஐயா."

"ஹரிஜன சர்டிபிகேட் உனக்குக் கெடைக்காது. தெரியுமா?"

"தெரியுங்க ஐயா."

"கையெழுத்துப் போடு."

போட்டேன். அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நல்லா பேசறம்மா நீ. வக்கீலுக்குப் படிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தலையாரி பிடித்துக்கொண்டிருந்த சைக்கிளில் ஏறிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், பொய் சொன்னேன் சாமி என்று. கம்பிச் சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்தப் பொய்யில் என் பங்கு எவ்வளவு, அப்பா பங்கு எவ்வளவு, சாமியார் பங்கு எவ்வளவு, சர்க்கார் பங்கு எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை. பத்து மந்திரத்தையும் நான் ஒருத்தியே சொல்லி முடித்தேன்.

அண்ணனுக்கு ஹரிஜன இடத்தில் சீட்டு கிடைத்தது. எனக்குக் கிடைத்தது பிற்பட்டோர் சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு நானும் இன்டர்வியூவுக்குப் போனேன். அந்த வரிசையில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவர்கள் நிறையப் பேர். டவுனில் கான்வென்ட்டில் படித்த பெண்கள், அப்பா உத்தியோகத்தில் இருக்கும் பெண்கள். அவர்கள் யாரும் லீவு நாளில் உப்புக் கூடை தூக்கியிருக்க மாட்டார்கள். நானும் அவர்களும் ஒரே மாதிரிதான் என்று ஒரு காகிதம் சொன்னது. பட்டியலில் என் பெயர் வரவில்லை.

சமூகப் பாட சார் ஒரு நாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவருக்கு என் மேல் உண்மையான வருத்தம். "பாத்தியாம்மா? கொறஞ்ச மார்க்குக்காரன் உள்ள போயிட்டான், நீ வெளிய நிக்கறே. நீ அன்னிக்குப் பேசினது சரின்னு ஆயிடுச்சு பாரு" என்றார். நான் சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சரி என்றா சொன்னேன்! அன்றைக்கு வராத பதில் பிறகு எத்தனையோ வருடம் என் வாயில் வந்து நின்றிருக்கிறது. சார், எங்கண்ணன் என் இடத்தைப் பிடுங்கவில்லை. அந்த ஊன்றுகோல் எங்கள் இருவருக்கும் சேர்ந்தது. ஒரே காலனி, ஒரே கூடை, ஒரே இடது பக்கம். அவன் கையில் கொடுத்தார்கள், என் கையில் கொடுக்கவில்லை. என்னிடம் இருந்து பறித்தது சலுகை இல்லை. பெண் பிள்ளைக்கு எதற்கு என்ற ஒரு வார்த்தையும், கும்பிடுகிற சாமியை மாற்றினால் பிறந்த தெருவும் மாறிவிடும் என்று நம்புகிற ஒரு சட்டமும்தான். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எனக்குப் பரிசு கொடுத்தவர். அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் நான் மேடையில் பேசினேன், அதுவும் தொண்டை கிழிய.

அண்ணன் ட்ரெய்னிங்குக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அம்மா டிரங்குப் பெட்டியை நடு வீட்டில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹாஸ்டலுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. நான் படிக்கப் படிக்க அவள் எடுத்து வைத்தாள். ஜமக்காளம், போர்வை, சோப்பு, தட்டு. டம்ளர் என்று படித்தேன். அவள் எழுந்து போய், பரணில் துணியில் சுற்றி வைத்திருந்த என் எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்தாள். அலுமினிய டம்ளரோடு போனால் பையனை மதிக்க மாட்டார்கள் என்று அவளுக்குக் கவலை. என்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அதைத் துடைத்து, வேட்டி மடிப்புக்குள் செருகினாள்.

அண்ணன் வாசல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வந்தான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் பெட்டிக்குள் கையை விட்டு டம்ளரை வெளியே எடுத்தேன். "இது வோணாம்மா" என்றேன்.

"ஏன்டி, கூடப்பொறந்தவனுக்கு ஒரு டம்ளர் குடுக்க மனசு வரலியா?"

"அது இல்லம்மா. இதுல என் பேரு வெட்டியிருக்குது. யாராவது படிச்சா கிறிஸ்டியன் வூடுன்னு தெரிஞ்சிடும். அவன் மாட்டிக்குவான்."

அம்மா டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, அந்த எழுத்துகளை மறுபடியும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தாகத் தடவினாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். எனக்கு அழுகை வரவில்லை. பட்டியலில் டம்ளருக்கு அடுத்து என்ன இருந்ததோ அதைப் படித்தேன்.

மறுநாள் அவன் அலுமினிய டம்ளரோடு திண்டிவனம் பஸ் ஏறினான். அதற்கு அடுத்த நாள் காலையில் நான் அந்த எவர்சில்வர் டம்ளரைக் கஞ்சித் தூக்கின் மேல் கவிழ்த்துக்கொண்டு, அம்மா பின்னால் அளத்துக்குப் போனேன். அங்கே மேஸ்திரி நோட்டைப் பிரித்து, என் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். மதம் கேட்கவில்லை.